நோக்குளிசை போடாத ஒருவர்

முறை எளிது.
கனகராயன் ஆற்றங்கரை நொச்சி இலையை
நிழலில் ஒன்பது நாள் உலர்த்தி,
அரைத்து, எதனோலில் ஊறவைத்து, வடித்து
வற்றவிட்டால்
போத்தலின் அடியில் தார் போல ஒரு கரும்பச்சை.
பெயர் ஒட்டினேன். திகதி போட்டேன்.

பிறகு வேண்டியது
பத்து மில்லிலீற்றர் மனித இரத்தம்.
உப்புக் குறைந்த நீரில் சிவப்பணு
உப்பி வெடிக்கும்.
அதன் தோலைச் சாறு பிடித்து நிறுத்துமா?
நிறுத்தினால் வீக்கத்தையும் நிறுத்தக்கூடும்
என்பது கணக்கு.

கொடுப்பவருக்கு ஒரே நிபந்தனை:
பதினான்கு நாளாய் நோக்குளிசை எதுவும்
போட்டிருக்கக் கூடாது.

அறிவியல் நகரில் ஆளா இல்லை
என்று நினைத்தேன்.

கன்ரீன் புஸ்பமலரக்கா சிரித்தா.
"இரண்டு கிழமையோ பிள்ளை?
இரண்டு நேரம் எண்டு கேளும்."
வாயிற்காவலர் றொபின்சன் சேட்டுப் பையைத் தட்டினார்,
உள்ளே குளிசை அட்டை சரசரத்தது.
முதுகில் ஒரு செல் துண்டு; மாரி தொடங்கினால்
அது புரண்டு படுக்குமாம்.
பஸ் சாரதிக்கு முழங்கால்.
நூலகத்தில் கழுத்து.
விரிவுரையாளருக்குத் தலையிடி,
அதுவும் என் ஆய்வறிக்கையால்.
நான்?
இந்த மாதம் மூன்று.
என் பெயரை நானே வெட்டினேன்.

முதலாம் வருடப் பெடியன் ஒருவன் தேறினான்.
ஊசியைக் கண்டதும் சாய்ந்தான்.
விழுந்து நெற்றி வீங்கியதற்கு
மருத்துவ அறையில் கொடுத்தார்கள்
ஒரு குளிசை.

மூன்றாவது சாக்கு இலையோடு வந்தவர் தவயோகன்.
பனிக்கன்குளம். நாற்பத்தொரு வயது.
நிற்கையில் இடக்காலில் பாரம் வைக்கவில்லை.
கேட்டேன். போடுறதில்லை என்றார்.
ஒருநாளும்?
"போட்டால் கண் சொருகும் தங்கச்சி.
ராவிலை யானை வந்தால் ஆர் எழும்புறது?"
அப்ப நோ இல்லையா என்றேன்.
"நோ இருக்குத்தானே" என்றார்,
வீட்டில் கிணறு இருக்கா என்று
நான் கேட்டது போல.

படிவத்தைத் திரும்பப் பார்த்தேன்.
குளிசைக்கு ஒரு கட்டம் இருந்தது.
நோவுக்கு இல்லை.
'ஆரோக்கியமான தன்னார்வலர்' என்ற வரியின் கீழ்
பேனையை அழுத்தி
தன் முழுப்பெயரையும் எழுதினார்.

முதற்தரம், சுழலி ஓடி நாலாவது நிமிடம்
கரண்ட் போனது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை.
விடியப் பார்க்கக் குழாயெல்லாம் ஒரே சிவப்பு,
எது அணு எது நீர் என்றில்லாமல்.
எப்படிச் சொல்வது என்று
இரண்டு நாள் யோசித்தேன்.
செவ்வாய்க்கிழமை வந்து மற்றக் கையைக் காட்டினார்.
"பொழுதுபட முன்னம் விட்டிடுங்கோ."

டைக்குளோபினாக் எழுபத்தெட்டு வீதம்.
நொச்சி அறுபத்தொன்று.
மும்முறை பார்த்தேன், அறுபது, அறுபத்தொன்று, அறுபத்திரண்டு.
வெறும் நீர் விட்ட குழாய்
வெற்றிலை துப்பியது போல் கிடக்க,
நொச்சிக் குழாயின் அடியில்
உடையாத அணுக்கள் குந்தியிருந்தன,
ஒரு செங்கல் நிறப் புள்ளியாய்.
சேர் கண்ணாடியை உயர்த்தி
"பரவாயில்லை, இனி எலியில் பார்ப்பம்" என்றார்.
கட்டுரையில் அவருக்கு அரை வரி வரும்:
ஆண், ஒருவர், மருந்து உட்கொள்ளாதவர்.

இரவு தவயோகனுக்கு எடுத்துச் சொன்னேன்.
"அறுபத்தொண்டெண்டால் பாஸ்தானே?"
பின்னால் யாரோ தகரம் தட்டினார்கள்.
ஒரு யானைவெடி. நாய்கள்.
கொஞ்சநேரம் மூச்சு மட்டும் கேட்டது,
ஏதோ மேட்டில் ஏறுகிறார் போல,
ஒரு காலை இழுத்து.

"தங்கச்சி, இந்த நொச்சியை யானை தின்னுமோ?
தின்னாதெண்டால் வேலியோரம் நடலாம்."

தெரியாது என்றேன்.
அதைச் சோதிக்க
எங்களிடம் முறை இல்லை.